அண்டாக்கடையின் வாக்கு

எங்கள் ஜவுளிக்கடை வாசலில் ஒரு பித்தளை அண்டா நிற்கும். காலையில் கடை திறந்ததும் அதில் புதுத் தண்ணீர் ஊற்றி, பக்கத்துக் கம்பியில் வெள்ளைத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவோம். சேலை எடுக்க வருகிறவர்கள் முந்தானை ஓரத்தை அந்தத் தண்ணீரில் முக்கி, துண்டில் வைத்து அழுத்திப் பார்க்கலாம். சாயம் ஒட்டினால் சேலையைப் போட்டுவிட்டுப் போகலாம், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். அதுதான் எங்கள் கடையின் வாக்கு. வேறு கடையில் புதுச் சேலையை இப்படி நனைத்துப் பாருங்கள், வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வருவீர்கள்! எங்களுக்குப் பெயர்ப்பலகைகூட அவசியப்படவில்லை. 'அண்டாக்கடை' என்றால் போதும், ஜட்கா வண்டிக்காரர் நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்தக் கடையில் மானேஜராக இருந்தவன் நான். இப்போது வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை வகுப்பு எடுக்கிறேன். புத்தகத்தை அவர்களே படித்துக்கொள்ளட்டும். நான் உண்மையில் நடந்த ஒரு வியாபாரச் சிக்கலைச் சொல்லுவேன், பாதியில் நிறுத்தி, "நீங்க முதலாளியா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். ஆளாளுக்கு வாய்ச்சண்டை போடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். முதல் வகுப்பில் எப்போதும் இந்த அண்டாவின் கதைதான்.

எங்கள் முதலாளி பழைய ஊருக்குள் இருந்த முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துக்காரர். நூலும் சாயமும் வாங்கிக் கொடுத்துச் செல்லூர்த் தறிகளில் சேலை நெய்து வாங்குவார். சாயம் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வருவது. உலகச் சண்டை வந்ததும் அந்த வரத்து நின்றுபோயிற்று. கையிருப்பு தீர்ந்த பிறகு கிடைத்த உள்ளூர்ச் சாயத்தில் முதல் சேலை நெய்து வந்தது. முதலாளியே அதை அண்டாவில் முக்கினார். தண்ணீர் வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் ஆகிவிட்டது. அவருடைய மனைவியின் தம்பிதான் கடையில் கூட்டாளி. அவர் சட்டென்று அண்டாவின் காதைப் பிடித்தார்.

"மச்சான், இத உள்ள தூக்கி வச்சிருவோம். ஈயம் பூசப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம். சண்டை முடிஞ்சதும் வெளிய எடுப்போம்."

"அது அங்கனயே இருக்கட்டும் மாப்ள. சாயம் போகாம நிக்கிறப்ப மட்டும் வாசல்ல வைக்கிறதுக்கு அண்டா எதுக்கு?"

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்துவேன். அண்டாவை எடுத்துவிட வேண்டும் என்று பாதி வகுப்பு சொல்லும். விலையைக் குறைக்கலாம் என்பான் ஒருவன். வெள்ளை வேட்டி மட்டும் விற்கலாமே என்பாள் ஒரு பெண். வேட்டி விற்றுக் கடை பிழைத்துவிடும் அம்மா, ஆனால் சிவப்புச் சேலையே நெய்து பழகிய செல்லூர்க்காரர்கள் எதைத் தின்பார்கள் என்று நான் கேட்பேன். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கெட்டிக்காரப் பெண், கோபம்தான் முன்னால் வந்து நிற்கும்.

முதலாளி எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "சாயம் போகும்மா. தெரிஞ்சு எடுக்கிறதுன்னா எடுங்க." சனங்கள் முக்கிப் பார்த்தார்கள், சிவந்த தண்ணீரைப் பார்த்தார்கள், எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கேயும் அதே சாயம்தான், அண்டா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதைக்கூட நாங்கள் எதிர்பார்த்தோம். எதிர்பார்க்காதது வேறொன்று. அரிசி, மண்ணெண்ணெய், நூல் எல்லாம் பதுக்கலில் கிடந்த காலம் அது. தன் சரக்கைத் தானே மட்டம் என்று சொல்லும் வியாபாரியை ஊரில் யார் நம்புவார்கள்? 'அண்டாக்கடைக்காரர் நல்ல சேலையை உள்ளே பதுக்கிவிட்டார், வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்' என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. உண்மையைச் சொல்லித் திருடன் பட்டம் வாங்கினோம்.

தை மாதக் கல்யாணக் கூட்டத்தின்போது கோச்சடைப் பக்கத்து விவசாயி ஒருவர் மகள் முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க வந்தார். அவர் கல்யாணத்துக்கும் எங்கள் கடைச் சேலைதானாம். முக்கிப் பார்த்தார். கை சிவந்தது. அந்தக் கையை அப்படியே தூக்கிக் காட்டினார்.

"எம்புட்டுக் காலமா இந்த வாசல்ல ஏறுறோம்! உள்ள நல்ல சேல ஒண்ணுகூட இல்லைன்னு ஒங்க வாயால சொல்லுங்க மொதலாளி. நான் பேசாமப் போறேன்."

தெருவே நின்று பார்த்தது. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. முதலாளி சொல்லவில்லை. ஏனென்றால் ஒன்று இருந்தது. பழைய சாயம் தீர்வதற்கு முன், தன் மகள் நிக்காஹுக்கென்று சரிகைக் கரை வைத்து நெய்யச் சொன்ன அரக்குச் சிவப்புச் சேலை, கடைக்கு மேலேயே இருந்த அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், அந்தப் பெண்ணுக்கும். காசு கொடுத்துத் தன் மகளுக்கு எடுத்து வைத்ததைப் பதுக்கல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் என்னைப் பார்த்து, "தம்பி, மேல இருக்கிறத எடுத்துட்டு வாங்க" என்றார். கூட்டாளி என் கையைப் பிடித்துத் தடுத்தார். முதலாளி பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

"எம் மக நிக்காஹுக்கு வச்சிருந்தது, இது ஒண்ணுதான்" என்று முதலாளி தெருவுக்கே கேட்கச் சொன்னார். அதையும் அண்டாவில் முக்கினார்கள். தண்ணீரில் ஒரு பொட்டுச் சிவப்பு ஏறவில்லை. வழக்கமான விலைக்கே அந்த விவசாயி வாங்கிப் போனார். பேச்சு அன்றோடு அடங்கியது. ஆள் கூட்டம் மெல்லத் திரும்பியது. சாயம் போகும் சேலையைக்கூட, போகும் என்று சொல்லி விற்கிற இடத்திலேயே வாங்கிக்கொள்வோம் என்று வந்தார்கள். முதலாளி மகள் புதுச் சாயச் சேலையில் நிக்காஹ் முடித்தாள். அன்று நல்ல புழுக்கம். வேர்வையில் அவள் கழுத்திலும் கையிலும் சாயம் இறங்கியது. மருதாணி எது, சாயம் எது என்று தெரியவில்லை என்று பெண்கள் சிரித்ததாகச் சொன்னார்கள்.

வகுப்பில் இந்தக் கதை முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் பெருமையாகத் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

போன மாதம் முதலாளியின் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். தலை நரைத்துவிட்டது. முற்றத்தில் அதே அண்டா, குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். வகுப்பில் காட்ட ஒருநாள் இரவல் வேண்டும் என்று கேட்டேன். அவருடைய அத்தாவின் கதையைக் கேட்டுப் பிள்ளைகள் கைதட்டுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வாக்கு அத்தா குடுத்தது. சேல என்னுது. என்னைய ஒரு வார்த்த கேட்டாரா அண்ணே?"

இத்தனை வருடமாக எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி. எனக்கும் தோன்றியதில்லை. அவர் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு காலி செய்து, அண்டாவைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"கொண்டுட்டுப் போங்க, புள்ளைகளுக்குக் காட்டுங்க. கோச்சடைப் பக்கம் எஞ் சேலயக் கட்டுன பொண்ண எங்கயாச்சும் பாத்தா மட்டும் சொல்லுங்க அண்ணே. சாயம் நின்னுச்சான்னு கேக்கணும்."