கெட்டித் தரை வரும்வரை

பெரியகருப்பன் ரோலர் டிரைவர். அவன் மனைவி மகாராணி அதே ரோட்டு வேலையில் தார்க் கலவை நிரவுகிறவள். இரண்டு பேரும் போடிநாயக்கனூரிலிருந்து விடிகாலை டிப்பரில் ஏறி மலைக்குப் போவார்கள். அவள் முன்னால் கலவையை நிரவிக்கொண்டே போக, அவன் பின்னாலேயே ரோலரை ஓட்டிவருவான். அந்தச் சூட்டில் அவள் உள்ளங்கால் எப்போதும் காய்த்துப்போய் இருக்கும். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பாள்.

ஐப்பசி மழையில், போடிமெட்டுக்குக் கீழே எஸ்டேட்டுகளுக்குப் பிரியும் கிளை ரோட்டில் மலைச்சரிவு இறங்கியது. மழைக்கு எல்லாரும் லாரிக்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள். ரோலர் ஓரத்தில் நிற்கிறதே என்று அதை உள்ளே தள்ளி நிறுத்தப் போனவன் பெரியகருப்பன் மட்டும்தான். மண்ணும் பாறையும் ரோட்டோடு சேர்ந்து பள்ளத்துக்குப் போனதை மகாராணி கண்ணால் பார்த்தாள்.

ரோலர் கீழே கவிழ்ந்து கிடந்தது; மேலே ரோடு இருந்த இடத்தை மண் மூடியிருந்தது. அவன் இல்லை. தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள்; மழை விடவில்லை. இன்னும் சரியும் என்று சொல்லி ஆட்களை மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் கொழுந்தன் முனீஸ்வரன் காரியம் செய்துவிடலாம் என்றான்.

"எத வச்சு செய்யிறது?" என்று கேட்டாள் மகாராணி.

"இல்லாதவர எத்தன நாளைக்கு மதினி இருக்காருன்னு வச்சுக்கிட்டு இருப்பீக?"

"இருக்காருன்னு நான் சொல்லலப்பா. எங்க இருக்காருன்னுதான் கேக்குறேன்."

தாலியோடு தெருவில் போனால் ஒரு பார்வை, போகாவிட்டால் ஒரு பேச்சு. கார்த்திகை முழுக்க அவள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை.

மழை ஓய்ந்து மார்கழியில் ரோட்டு வேலை திரும்பத் தொடங்கியது. ஏலக்காய் எடுக்கிற நேரம். ஜீப்பு போகாததால் எஸ்டேட்டு ஆட்கள் காட்டுப் பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டை வெரசா திறக்கச் சொல்லி நாலு பக்கமிருந்தும் நெருக்கடி. சரிந்த மண்ணை அப்படியே மட்டம் பண்ணி, மேலே கிராவல் கொட்டி இறுக்கிவிடு என்று காண்டிராக்டர், சூப்பர்வைசர் எபினேசருக்குப் போனில் சொல்லிவிட்டார். அது லேசான மண். பாரம் ஏறினால் அமுங்கும் என்று எபினேசருக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டினார். அவருக்கும் அந்த வேலைதான் சோறு.

காலையில் மகாராணி வந்து நின்றாள். புது ரோலர் அங்கே நிற்பதைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த மண்ண அள்ளலையா?"

"மேலயே போடச் சொல்லிட்டாக தங்கச்சி."

"இதுக்குள்ள அவரு கெடக்காரு. அவரு மேல ரோலர ஓட்டச் சொல்றீகளா?"

எபினேசர் மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார்; கால் புதைந்தது. பிறகு ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டார். "கெட்டித் தரை வர்ற வரைக்கும் தோண்டுப்பா. மெதுவாத் தோண்டு. அக்கா பாத்துச் சொன்னப்பறம் கொட்டு."

ஜேசிபி ஒவ்வொரு தடவை மண்ணை எடுக்கும்போதும் அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். வேர், பாறை, உடைந்த தார்க் கட்டி. காண்டிராக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எபினேசர் எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு நீல மழைக்கோட்டின் ஓரம் தெரிந்தது. பொத்தான் அறுந்துபோய், அவளது பழைய சேலையில் கிழித்த துணியால் அவன் இடுப்பில் கட்டிக்கொண்ட கோட்டு அது. மற்றவர்கள் அவளைப் பிடித்து அப்பால் இழுத்தார்கள். அவள் அழவில்லை. "மம்பட்டி படாமப் பாத்து எடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

போடியில் எரித்தார்கள். அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றினாள்.

காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்தபோது ரோடு அடியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. கெட்டித் தரையை இறுக்கி, தண்ணீர் வடிய ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் பெருஞ்சல்லி, அப்புறம் சிறுசல்லியும் தூளும் நனைத்துக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்கினார்கள். காய்ந்ததும் தூசியைக் கூட்டித் தள்ளி, தாரைச் சூடாகத் தெளித்தார்கள். கலவை லோடு புகையோடு வந்து இறங்கியது. மகாராணி காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிரவத் தொடங்கினாள்.

புது டிரைவர் சின்ன வயசுக்காரன். அந்த இடம் வந்ததும் ரோலரை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். கலவை ஆறினால் இறுகாது.

"ஓட்டுங்க தம்பி," என்றாள். "கீழ இப்ப யாரும் இல்ல."

அவன் ஓட்டினான். அவள் அங்கேயே நின்று, ரோலர் போய்த் திரும்புவதைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். கூட இருந்த பொம்பளைகள் கலவையை நிரவிக்கொண்டே இருந்தார்கள். நிறுத்த முடியாத வேலை.

பொங்கலுக்குள் ஜீப்பு ஓடியது. வேலையைத் தாமதமாக்கினார் என்று எபினேசருக்கு அதற்குமேல் அந்தக் காண்டிராக்டரிடம் வேலை இல்லை. மதுரைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த மழையில் அந்த இடம் அசையவில்லை. அதற்கு மேலே இன்னொரு வளைவு சரிந்தது. ஆள் கூப்பிட்டார்கள், மகாராணி போனாள். போனதும் புது சூப்பர்வைசரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"சார், இதுக்குள்ள யாரும் இருக்காகளா?"

"யாரும் இல்லம்மா. ராத்திரி சரிஞ்சது."

அவள் மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.