தொலைபேசிக்குச் செய்த பெட்டி

மாலை நான்கு மணி பத்து நிமிடம். பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மரப்பெட்டி. புதுத் தேக்கு, முன்பக்கம் கண்ணாடிக் கதவு, சின்னப் பித்தளைப் பூட்டு. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி விரித்திருந்தது. துணியின் மேல் ஒன்றும் இல்லை. அன்று மார்ச் மாதத்தின் கடைசி நாள். வெளியே தொலைபேசி இலாகாவின் ஆட்கள் கடைசிக் கம்பத்தை நட்டு, அடியில் மண்ணை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு நாளிதழுக்கு ஆவடிப் பகுதிச் செய்திகளை நான் அனுப்பி வந்தேன். வெள்ளானூரைத் தாண்டியிருந்த அந்தச் சிற்றூரின் பஞ்சாயத்துத் தலைவர் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். ஊருக்குப் பேருந்து காலையிலும் மாலையிலும் மட்டும் வரும். இடையில் அவசரமென்றால் ஆவடிவரை சைக்கிள் மிதிக்க வேண்டும். ஒரு பொதுத் தொலைபேசி வேண்டுமென்று தலைவர் வருடக்கணக்காக மனுப் போட்டு வந்தார்.

பிப்ரவரியில், மத்திய பட்ஜெட் வந்த மாலை, பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக்குக் கீழே நானும் நின்றிருந்தேன். கிராமங்களுக்குத் தொலைபேசியை விரிவாக்க நிதி ஒதுக்கப்படும் என்று செய்தியில் ஒரு வரி வந்தது. எந்த ஊரின் பெயரும் சொல்லப்படவில்லை. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வந்துட்ச்சி மாமே, நம்ம ஊருக்குப் போனு.”

“இன்னா நைனா, டில்லில பேசுனா இங்க மணி அடிச்சுடுமா?” என்றார் எதிரே இருந்த டீக்கடைக்காரர்.

“சிரி, சிரி. மொத போனே உங்கடைக்குத்தான். டீ சொல்றதுக்கு.”

“எங்கடைல ஏது போனு?”

மறுநாளே பெட்டி செய்யத் தச்சரிடம் சொல்லிவிட்டார் தலைவர்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே மகளை ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவம். பங்குனியில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தவரான மருமகன் தயங்கினார். “மாமா, குவார்ட்டர்ஸ்ல இருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். அங்க ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டாராம். கம்பம் நட வந்துவிட்டார்கள் என்று தலைவர் பதில் சொல்லியிருக்கிறார். அதன்பிறகே மருமகன் சம்மதித்தார்.

அந்த மார்ச் மாலையில் கம்பம் நட்ட மேஸ்திரி என் எதிரிலேயே விஷயத்தைச் சொன்னார். “கம்பத்துக்கும் கம்பிக்கும் இந்த வருசப் பணம் கீது, தலைவரே. இன்னிக்குள்ள நட்டு முடிக்கலன்னா பணம் திரும்பிப் பூடும். அதான் ஓடி வந்துகினோம். போனு புது பட்ஜெட்லதான்.” தலைவர் விரலை மடக்கிப் பார்த்தார். “ஏப்ரல்ல புது பட்ஜெட்டு. பாப்பாவுக்கு வைகாசிலதான் பிரசவம். சரியாப் போச்சு.” மகள் அந்த வாரமே வந்துவிட்டாள்.

மே மாதம் வேறு வேலையாகத் தொலைபேசி இலாகாவின் நகரத்து அலுவலகத்துக்குப் போனபோது அந்த ஊர்த் தொலைபேசி பற்றிக் கேட்டேன். கருவிகளுக்கான ஒதுக்கீடு குறைந்துவிட்டதாகவும், வந்தவை நகரத்தில் ஏற்கனவே காத்திருப்பவர்களுக்கே போதாதென்றும் அதிகாரி சொன்னார். நான்கு வரிச் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். அது வெளியாகவில்லை. தலைவர் தினமும் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்து வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனியில் அந்த ஊருக்கு மறுபடி போனேன். அலுவலகம் மூடியிருந்தது. டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். “காலை பஸ் போனப்புறம் வலி எடுத்துச்சு சார். என் தம்பி சைக்கிள்ல ஆவடி போயி டாக்ஸி இட்டுகினு வர்றதுக்குள்ள எல்லாம் ஆயிட்ச்சி. பொண்ணு பொயச்சுகிச்சு. கொயந்த இல்ல.” பிறகு சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

தீபாவளி கழிந்து தொலைபேசி வந்தது. கறுப்புக் கருவி பெட்டிக்குள் சரியாக உட்கார்ந்தது. முதல் அழைப்பைத் தலைவரே பேச வேண்டும் என்றார்கள். அவர் தொழிற்சாலை எண்ணைக் கேட்டு வாங்கி, மருமகனை அழைக்கச் சொல்லிவிட்டு நெடுநேரம் காத்திருந்தார். டீக்கடைக்காரர் வாசலில் நின்றார். டீயைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. “மாப்ளே, போன் வந்துட்ச்சி” என்றார் தலைவர். மறுமுனையில் சொன்னதைக் கொஞ்ச நேரம் கேட்டார். ரிசீவரை வைத்தார். கண்ணாடிக் கதவைப் பூட்டினார். என் செய்தி இரண்டு நாள் கழித்து வந்தது. “சிற்றூருக்குத் தொலைபேசி: மக்கள் மகிழ்ச்சி” என்று நாளிதழ் அலுவலகத்தில் தலைப்பு வைத்திருந்தார்கள்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கம்பங்கள் நின்ற வரப்பில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பழைய அலுவலகம் சாமான் அறையாகியிருக்கிறது. மூலையில் அந்தத் தேக்குப் பெட்டி. வெல்வெட் நிறம் மங்கியிருந்தது. அதன் மேல் தெருவிளக்கு பல்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தலைவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன என்றார் சாவி வைத்திருந்தவர்.

அதன்பிறகு அவர் மகளுக்குப் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஆவடி ஆஸ்பத்திரியில் பிறந்தவை.