வாத்தியாரின் இறகுப் பூச்சி

தூண்டிலில் புழுவைக் கொழுவுவது பாவம் என்பது தியாகலிங்க வாத்தியாரின் கொள்கை. மீனைக் கொழுவுவது பற்றி அவருக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. ஆகவே எண்பத்தாறாம் ஆண்டில் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய, இறகாலே பூச்சிபோலக் கட்டிய தூண்டிலை, மழைக்கு வழுக்கையாறு பெருகும்போதெல்லாம் கரையில் நின்று வீசினார். மூன்று மாரியாக அகப்பட்டது அவருடைய சட்டைக் கொலர்தான். பக்கத்தில் வலை வீசிய சிமியோன் கூடையை நிரப்பினான்.

"உது காட்டுமிராண்டி வேலை" என்றார் வாத்தியார்.

நாலாம் மாரியில் ஒரு விரால் கொத்தியது. கிழமை பார்க்க மறந்து, ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசல் படலையிலேயே மனைவி பத்மாசினி மறித்தாள்.

"வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டிலை மீனோ? கொண்டுபோய் விடுங்கோ!"

துடித்துக்கொண்டிருந்த விராலைத் திரும்ப ஆற்றிலே விட்டார். வலையை உதறிய சிமியோன் ஆறுதல் சொன்னான்:

"கவலைப்படாதையுங்கோ மாஸ்ரர். நாளைக்குச் சனிதானே, நான் அதைப் பிடிச்சுத் தாறன்."