ஹெல்மெட் போட்ட பேய்

பாகலூர் சாலையில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் வாட்ச்மேன் அவர். ஆளே இல்லாத ஷெட்டின் வாசலிலும், நாடாவை இறுக்கிக் கட்டிய மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் உட்கார்ந்திருப்பார்.

பேய் தேடிப் போனவர்களின் செல்போனில் பதிவானது என்று சொல்லி ஒரு படம் எடுக்க, நாங்கள் நான்கு பேர் அங்கே போனோம். எங்கள் நால்வருக்கும் வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் என்பதால் பேய் பட்டப்பகலில்தான் வர வேண்டியிருந்தது. இருட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பினோம்.

அவர் எல்லோரிடமும் ஆளுக்கொரு ஹெல்மெட்டை நீட்டினார்.

"அண்ணா, இவன்தான் பேய். தலைமுடி தெரியணும்," என்றேன்.

"பேயா இருந்தா என்னப்பா? உள்ள போனா போட்டுதான் போவணும்."

"மூடுன கம்பெனில யாருண்ணா கேக்கப் போறாங்க?"

"யாரும் இல்லன்னுதான் நான் கேக்கறேன்."

விக்கின் மேல் ஹெல்மெட் வைத்த எங்கள் பேயைப் பார்த்து, படம் பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி மட்டும் ஓர் இடத்தில் அலறினாள். நான் பயந்து நடிக்கும் காட்சியில், பின்னால் தூணோரம் ஓர் உருவம் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அது அந்த வாட்ச்மேன்தான். அந்தக் காட்சியில் என் ஹெல்மெட் நாடா அவிழ்ந்து தொங்குகிறது.

இப்போதும் ஷிஃப்டில், முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன்.