ஓடுகிறவளுக்கு ஒரு தம்ளர் மோர்

எங்கள் தோட்டத்துச் சாலையில் ஒரு பெண்பிள்ளை ஓடினால் பார்க்கிறவர்கள் நாய் துரத்துகிறது என்று நினைப்பார்கள். இல்லையென்றால் பஸ்ஸை விட்டுவிட்டாள், அதுவும் இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. சும்மா ஓடுகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றாது. என் மகள் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்க இறங்கிய முதல் நாள், செம்பனை மரங்களுக்கு நடுவே பாதித் தூரம் போவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் அவளருகே நின்றது.

"ஏறும்மா, வீட்ல விட்டுடறேன்."

வேண்டாம் மாமா என்றிருக்கிறாள். அடுத்த வளைவில் இன்னொரு மோட்டார், அதே அழைப்பு. மூன்றாவதாக, எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப் போய்விட்டுத் திரும்பிய லோரி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் என் கணவரின் கூட்டாளி, அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர். அவரிடம் எப்படி வேண்டாம் என்பது? ஏறிக்கொண்டாள். ஓடப் போனவள் லோரியில் வந்து வாசலில் இறங்கினாள். "பாவம், வேர்த்து ஊத்திக்கிட்டு ஓடுது பிள்ள. என்னான்னு கேளுங்க" என்று அவர் எனக்கு அறிவுரை வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதுவரை பள்ளி விளையாட்டுப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள். கோலா சிலாங்கூரில் அவள் படிக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த மலாய்க்கார விளையாட்டு டீச்சர்தான் அவளைப் பார்த்து, இந்தப் பெண்ணின் கால் குறுக்கோட்டத்துக்கான கால் என்று சொல்லிவிட்டார். வயல், வாய்க்கால், மண்பாதை என்று ஐந்து கிலோமீட்டர். மாநிலம் முழுவதற்குமான தேர்வுப் போட்டியில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் மாநிலக் குழுவில் இடம். மாநிலக் குழுவில் ஓடினால் விளையாட்டுப் பள்ளியில் சேர விண்ணப்பிக்கலாம். அவள் வயதுக்கு இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு.

"ஆறாவது வந்தாக் கூடப் போதும்மா" என்றாள். எதையும் கேட்காத பிள்ளை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால்கூட "எதுன்னாலும் ஓக்கே லா" என்பாள். அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் ஆறாவது இடம்.

டீச்சர் சொன்ன விதிகள் ஒரு கையில் அடங்கும். தொடக்கத்தில் மெதுவாகப் போ. ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகத்தில் பயிற்சி செய். ஒரு நாள் கடினமாக ஓடினால் மறுநாள் இலகுவாக ஓடு. புதுச் சப்பாத்தைப் போட்டியன்று போடாதே. ஓடும்போது யார் கூப்பிட்டாலும் நிற்காதே. இதில் ஒன்றுகூட எங்கள் தாமான் குடியிருப்பில் செல்லுபடியாகவில்லை.

இலகுவான நாள் என்பதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அவள் மெல்ல ஓடுவதைப் பார்த்தவர்கள் அன்று சாயங்காலமே என்னிடம் வந்து, "என்னா, பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா? நேத்து நல்லா ஓடுச்சே" என்று துக்கம் விசாரித்தார்கள். கடினமாக ஓடிய நாளில், "இப்படி ஓடுனா நாளைக்கு யாரு கட்டிக்குவா" என்றார்கள். சப்பாத்து வாங்கிய அன்று என் நாத்தனார் வந்து, புதுக் காடியின் சக்கரத்துக்குச் செய்வதுபோல் இரண்டு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து, சப்பாத்தோடு அவளை மிதிக்கச் சொன்னார். மிதித்தாள். சப்பாத்து அடியிலிருந்து ஒரு வாரத்துக்கு ஊறுகாய் வாசம் அடித்தது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் அக்கா. அடுத்த வரிசையில் வீடு. தோட்டத்து மாரியம்மன் கோயில் சமையலுக்கு அவர்தான் தளபதி. திருவிழாவில் எந்தக் குழந்தையும் அவர் கையால் வாங்கிச் சாப்பிடாமல் கோயில் வாசலைத் தாண்ட முடியாது. தம்பி மகள் ஓடப் போகிறாள் என்று தெரிந்ததும், விடிவதற்கு முன்னால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கலந்த கிண்ணத்தோடு வந்து நின்றார். "வயசுக்கு வந்தப்ப நான்தான குடுத்தேன், அந்தத் தெம்புதான் இப்ப ஓடுது" என்றார். டீச்சர் வாழைப்பழமும் தண்ணீரும் போதும் என்றிருந்தார். ஆனால் அந்த அம்மாளுக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது. மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், பிறகு போய் மூன்றாவது செம்பனை மரத்தடியில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் ஆட்டுக்கால் சூப்பு வந்தது.

என் கணவர் லோரி ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்ததும் மோட்டாரில் அவள் பின்னாலேயே போவார், மந்திரிக்குப் பாதுகாப்பு போவது மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு. பேச முடிகிற வேகம் என்று டீச்சர் சொன்னதால் அவளைப் பேசச் சொன்னார். என்ன பேசுவது? வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது "பசியாறுனியா", "ம்" என்ற அளவில்தான். அவள் என்னைப் பற்றிய குறைகளில் ஆரம்பித்திருக்கிறாள். அது வற்றாத விஷயம் என்பதால் தினமும் ஓட்டம் முழுக்கப் போதுமானதாக இருந்தது. நான் அவள் போனை எடுத்துப் பார்க்கிறேன், அலமாரியைக் குடைகிறேன், சித்தி மகளோடு ஒப்பிடுகிறேன். இரவு சாப்பிடும்போது அவர் ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்புவிப்பார். கோபம் வந்தாலும், அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வாசலுக்குள் நுழைவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறவள். ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பயிற்சிக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு யோசனை. ஒரு நாள் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஓடும் வழியில் நான்கு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் மைலோ, ஒரு வீட்டில் பலகாரம். நிற்காமல் போனால் மரியாதை இல்லை, நின்றால் பயிற்சி இல்லை.

"எப்படிம்மா வேணாம்னு சொல்றது? பாவமா பாக்குறாங்க."

"மொகத்தப் பாக்காத. பாத்தா நின்னுடுவ. ரோட்ட மட்டும் பாரு" என்றேன்.

முப்பது வருடமாக எல்லார் முகத்தையும் பார்த்துப் பார்த்து, வேண்டாத கல்யாணத்துக்கெல்லாம் மொய் எழுதி, வேண்டாத கறியையெல்லாம் தின்று, நான் கண்டுபிடித்த உண்மை அது. மறுநாளிலிருந்து அவள் நிற்கவில்லை. பலகார வீட்டு அம்மா, "ஒங்க மவளுக்குத் தல கனத்துப் போச்சு" என்று என்னிடம் வந்து சொன்னார். பயிற்சி சரியாகப் போகிறது என்று புரிந்துகொண்டேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். நம் தோட்டத்துப் பிள்ளை சுங்கை புரோங் வயல் பக்கம் ஓடப் போகிறது, வாய்க்கால் ஓரத்தில் கோயில் சார்பாகத் தண்ணீர்ப் பந்தல் போடுவோம் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஓடுகிற பிள்ளைகள் யாரும் நிற்க மாட்டார்கள், டீச்சர் சாப்பாடு எதுவும் வேண்டாம் என்றிருக்கிறார் என்று தலைவரிடம் தனியாகச் சொன்னேன்.

"நம்ம பிள்ளைக்கு மட்டுமாம்மா குடுக்கப் போறோம்? எல்லாப் பிள்ளைங்களுக்குந்தான். தாகத்துக்குத் தண்ணி குடுக்குறது தப்பா?"

தப்பு என்று யாரால் சொல்ல முடியும்? நாத்தனார் அப்போதே தயிருக்குச் சொல்லிவிட்டார். நெகிழிக் குவளை கூடாது என்று கோயிலில் போன வருடம் தீர்மானம் போட்டிருந்ததால், அன்னதானத்துக்கு வைத்திருந்த எவர்சில்வர் தம்ளர்களை மூட்டை கட்டினார்கள். குடிக்கிறவர் நின்று குடித்துத் தம்ளரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் அது எப்படி நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

போட்டியன்று பந்தல் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் வாழைமரம், மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. மோர், பானகம், கொண்டைக்கடலைச் சுண்டல். அந்த வளைவில் வழி காட்ட நின்ற மலாய்க்கார ஆசிரியருக்கு முதல் ஆளாக மோர் கொடுத்தோம். அவர் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, சுண்டலுக்கும் கை நீட்டினார். தலைவர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். வெயில் வயல் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முடிவுக்கோடு அங்கிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் இருந்தது.

முதலில் ஒரு சீனப் பெண் வந்தாள். நாத்தனார் தம்ளரோடு சாலையில் இறங்கினார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்து மலாய்ப் பெண்கள் இரண்டு பேர், பிறகு இன்னும் இருவர். ஒருத்தி கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

"என்னா பிள்ளைங்க இது, ஒரு மரியாத இல்ல" என்றார் நாத்தனார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் போய்விட்டார்கள்.

ஆறாவதாக வந்தது நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, ஆனால் என் பிள்ளை இல்லை. மெலிந்த பெண், இரட்டைச் சடை, பத்தாங் காலி பள்ளியின் சட்டை. அவளுக்கு இருபதடி பின்னால் என் மகள். உதடு வெளுத்திருந்தது. அந்த இருபதடியைக் குறைக்க அவளிடம் தெம்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியும். ஏழாவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நாத்தனார் இரண்டு கையிலும் தம்ளரோடு நடுச்சாலைக்கே போய்விட்டார். "வாம்மா கண்ணு, எப்படிக் காஞ்சு போயிருக்க பாரு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ!"

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள்.

வேகம் குறைந்தது. நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே வலக்கையால் தம்ளரை வாங்கி, எச்சில் படாமல் அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். யாரோ நன்றாக வளர்த்திருக்கிறார்கள். அதற்குள் என் மகள், அத்தை மறு கையில் நீட்டியிருந்த தம்ளரையும் அவரையும் பார்க்காமல், சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனாள். தோள் இடித்து மோர் நாத்தனாரின் சேலையில் கொட்டியது. அந்தப் பெண் தம்ளரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள். கடைசி வரை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நான் கத்தினேன். குதித்தேன் என்றுகூடச் சொன்னார்கள். என் மகள் ஆறாவது. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அப்பட்டமான சந்தோஷம்தான். என் கணவர் மோட்டார் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். தலைவர், பந்தல் போட்ட புண்ணியம் வீண்போகவில்லை என்று பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பிழையே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நாத்தனார் மட்டும் சேலையைத் துடைத்துக்கொண்டு, "சொந்தப் பிள்ள தட்டி விட்டுட்டுப் போகுது, யாரு பெத்த பிள்ளையோ நின்னு குடிச்சிட்டுப் போகுது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் பந்தலுக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ள நின்னுச்சும்மா" என்றாள். "என்னால முந்தியிருக்க முடியாது. அது நின்னுச்சு."

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அக்கா, நீங்கதான் மோர் குடுத்தீங்களா?"

என் வயதுதான் இருக்கும். தொழிற்சாலைச் சட்டை, தோளில் பிள்ளையின் பை. இரட்டைச் சடைக்காரி பக்கத்தில் நின்றாள்.

"ரொம்ப நன்றிக்கா. பத்தாங் காலியிலேர்ந்து இருட்டோட கெளம்புனோம், பிள்ள ஒண்ணுமே சாப்பிடல. நல்ல நேரத்துல குடுத்தீங்க. இல்லாட்டி மயங்கி விழுந்திருக்கும் லா."

"எத்தனாவது வந்துச்சு?" என்று நாத்தனார் கேட்டார், வாயெல்லாம் பல்லாக.

"ஏழாவது. ஒரு எடத்துல போச்சு. கடைசி வருசம் வேற. என்னா செய்யறது."

அந்தப் பெண் என் மகளைப் பார்த்து, "கங்கிராட்ஸ்" என்றாள். அந்த இடம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாத்தனார் அந்த அம்மாளுக்கு ஒரு தம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தார். அவர் வாங்கி, வாய் வரை கொண்டுபோய், நிறுத்தி, என் பக்கம் நீட்டினார்.

"நீங்க குடிங்கக்கா மொதல்ல. காலையிலேர்ந்து வெயில்ல நின்னு ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்திருக்கீங்க, மொகமே வாடிப் போச்சு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாங்கிக் குடித்தேன்.