சிவப்பு கார் அணியும் என் கண்டி ரயிலும்

இன்று கண்டியில் எனக்கு நேர்முகத் தேர்வு. நானுஓயா ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க நுவரெலியாவில் ஆட்டோ ஏறினேன்.

ஆட்டோ அண்ணன் ஒரு கார் பந்தய அணியின் ரசிகர். அந்தச் சிவப்பு கார் அணி எப்படித் தொடங்கியது, முதல் சாம்பியன் பட்டத்தை யார் கார் ஓட்டி வென்றார் என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டத்துக்கும் என் பக்கம் திரும்பினார், ஆட்டோ இன்னும் மெதுவானது.

"அண்ணே, கொஞ்சம் வேகமா போங்க."

"வளைவுல அவசரப்படக் கூடாதுங்க தங்கச்சி. அப்படித்தான் அவங்க ஒரு பட்டத்தையே கோட்டை விட்டாங்க."

நானுஓயாவுக்குப் போனபோது ரயில் புறப்பட்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் முகம் சுருங்கியது. "ஏறுங்க. தலவாக்கலை ஸ்டேஷன்ல ரயிலப் பிடிச்சிருவோம்."

அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ரயிலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தன் நம்பரைக் கொடுத்து, "எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

நேர்முகம் நன்றாகப் போனது. நன்றி சொல்ல அழைத்தேன்.

"சந்தோசம் தங்கச்சி. சாயந்தரம் ஸ்டேஷனுக்கு நானே வாரேன். பாதிப் பட்டத்தோட கதைதானே சொல்லியிருக்கேன்."

இப்போது திரும்பும் ரயிலில் இருக்கிறேன். நானுஓயாவில் இறங்கும் யாராவது என்னோடு அந்த ஆட்டோவில் வருகிறீர்களா?