டம்ளர் நடுங்கும் அளவு

டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, அதை ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் வைத்துவிட்டு, திம்மப்பன் முட்டிபோட்டு உட்கார்கிறார். டிவியில் செய்தி ஓடுகிறது. அவர் அதைப் பார்ப்பதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் தண்ணீரையே பார்த்தபடி ஆம்ப்ளிஃபயர் குமிழை மெல்ல மெல்லத் திருப்புகிறார். தண்ணீரில் வட்டம் விழுந்ததும் கையை எடுத்துவிட்டு, "ஓகே பீஸ்" என்கிறார். அந்நேரம் சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டு முருகன் படம் ஆணியில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள் எங்களுடையவை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். திம்மப்பனுக்குச் சொந்த ஊர் கெலமங்கலம். ஒரு கம்பெனியில் பிரஸ் ஆப்பரேட்டர். இரும்புத் தகட்டை அடித்து வண்டிக் கதவாக்குகிற ராட்சத இயந்திரத்தோடு, மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து குடித்தனம் நடத்துகிறவர். நல்ல மனுஷன். கேட்காமலே வந்து ஃபேனுக்கு எண்ணெய் போடுவார், குழாய்க்கு வாஷர் மாற்றுவார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் முனை டீக்கடை வரை கேட்கும். ரகசியம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குறைத்து, நாலாவது வீட்டோடு நிறுத்திக்கொள்வார்.

டம்ளர் எதற்கு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "காத நம்பி வேல செய்யறவன் ஆப்பரேட்டரே இல்லீங்க சார். காது இன்னிக்கி ஒண்ணு சொல்லும், நாளைக்கி ஒண்ணு சொல்லும். கேஜ் வேணும், கேஜ்!" தொழிற்சாலையில் செய்த பொருளை அளந்து பார்க்கும் கருவிக்குக் கேஜ் என்று பெயர்; அதில் தேறிய பொருள் ஓகே பீஸ். வீட்டில் அந்த உத்தியோகம் டம்ளருக்கு. தண்ணீர் நடுங்க வேண்டும், ஆனால் வழியக் கூடாது. அதுதான் அவர் வகுத்த தரம்.

எல்லாம் புது டிவி வந்த பிறகு ஆரம்பித்தது. அப்பளம்போல் ஒல்லியான டிவி. அதன் ஸ்பீக்கர் பின்புறம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த அன்று திம்மப்பன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "வாய கொண்டுபோய் முதுகுல வெச்சிருக்கான் பாருங்க. செவுத்துகிட்ட பேசறான், நம்மகிட்ட பேச மாட்டேங்கறான்." அடுத்த வாரமே தேன்கனிக்கோட்டையில் மைக் செட் தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டிகளும் பஸ்ஸில் வந்து இறங்கின. கோயில் திருவிழாவில் மைதானத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய பெட்டிகள். அவற்றைப் பத்துக்குப் பத்து அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் சொருகினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கூட்டணி ஆட்சி. செட்டாப் பாக்ஸுக்கு ஒரு வால்யூம், டிவிக்கு ஒரு வால்யூம், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வால்யூம். சத்தம் இந்த மூன்று வாசலையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஒன்றைச் சாத்தினால் வீடு ஊமை. மூன்றையும் திறந்தால் தெரு காலி. செட்டாப் பாக்ஸ் ரிமோட் மனைவி மாதேஸ்வரியின் இடுப்பில் சொருகியிருக்கும். டிவி ரிமோட் கல்லூரிக்குப் போகும் மகள் யுவஸ்ரீயின் தலையணைக்கு அடியில். குமிழ் திம்மப்பனுக்கு. அவர் குமிழை ஏற்ற ஏற்ற, அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இறக்குவார்கள். தண்ணீர் நடுங்காமல் போனால் அவர் யார் மீதும் சந்தேகப்பட மாட்டார். "ஆம்ப்ளிஃபயருக்கு வயசாயிடுச்சு" என்று வருத்தத்தோடு அதன் தலையைத் தட்டிக்கொடுப்பார்.

இத்தனை சத்தத்துக்கும் அவரிடம் பரிகாரம் உண்டு. கம்பெனியில் காதில் அடைத்துக்கொள்ளக் கொடுக்கும் மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான்களைக் கொண்டுவந்து வரிசை முழுக்க விநியோகம் செய்வார். "போட்டுக்கங்க சார், நல்ல குவாலிட்டி. நான் ஒரு நாளும் தொட்டதில்ல, புத்தம் புதுசு." என்னிடம் ஒரு ஊறுகாய் ஜாடி நிறைய இருக்கிறது. பிரஸ் ஓட்டுகிறவர் அதைத் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லும்போது, திட்ட வாயெடுத்த நான் அதை வாங்கி ஜாடியில் போட்டுக்கொள்வேன்.

"இந்த மனுசனுக்குக் காது போயிடுச்சின்னு தெரு நாய்க்குக்கூடத் தெரியும்ண்ணா" என்றார் மாதேஸ்வரி ஒருநாள், தண்ணீர்க் குழாயடியில். "அவருக்கு மட்டுந்தான் தெரியாது."

தெரியாமல் இல்லை. டாக்டர் ஒருவர் காது மந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனி அவரைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடும். அதுதான் பயம். "அட்டப் பொட்டி மடிக்கறதுக்கா சார் நான் எரநூறு டன் பிரஸ் ஓட்டுனேன்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார், காதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசாதபோதே. வருஷா வருஷம் கம்பெனியில் நடக்கும் காதுப் பரிசோதனையில் எப்படித் தேறுகிறார் என்பதை யுவஸ்ரீ சொன்னாள். சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்க வேண்டுமாம். அப்பா நர்ஸின் விரலைப் பார்த்து அமுக்குவாராம்.

வரிசையிலிருந்து எல்லோருமாகப் போய் முறையிட்டதும் ஓனர் சென்னகிருஷ்ணன் கிளம்பி வந்தார். வாடகையைத் தமிழில் கேட்பார், தெலுங்கில் கோபப்படுவார், மாடுகளோடு கன்னடத்தில் பேசுவார். அன்று மூன்றும் கலந்து வந்தது. கடைசியில் தமிழுக்குத் திரும்பி, "திம்மப்பா, காது டாக்டர்கிட்ட போயி எழுதி வாங்கிட்டு வா. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணு" என்றார்.

"என் காதுக்கு என்னாங்க கொற?"

"கொற இல்லல்ல? அப்ப ஞாயித்துக்கெழம நான் வந்து ஒக்கார்றேன். என் கண்ணு முன்னால சவுண்டு வெச்சிக் காட்டு. மனுசன் கேக்கற அளவுக்கு வெச்சீன்னா டாக்டர் பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பரீட்சை நடந்தது. சாட்சிக்கு நான். ஓனருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, எனக்குக் கட்டில் ஓரம். மாதேஸ்வரி காபி கொடுத்துவிட்டு நிலைக்கதவில் சாய்ந்து நின்றார். யுவஸ்ரீ மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் டிவி வால்யூமில் கை வைக்காமல் விட்டிருக்க, மாதேஸ்வரி மட்டும் செட்டாப் பாக்ஸைக் கிட்டத்தட்ட சுத்தமாக இறக்கியிருந்தார். வீடு நிலைக்க வேண்டுமே. இதைக் காபி கொடுக்கும்போதே கண்ணால் எனக்குச் சொல்லிவிட்டார்.

திம்மப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். டம்ளரை வைத்தார். குமிழைத் திருப்பினார். தண்ணீர் அசையவில்லை. இன்னும் திருப்பினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல இதமாக வந்தது. ஓனர் தலையாட்டினார். தண்ணீர் மட்டும் குளம்போலக் கிடந்தது. கேஜுக்குக் கட்டுப்படுவதா, ஓனரின் முகத்துக்குக் கட்டுப்படுவதா என்று அவர் தவிப்பது எனக்குத் தெரிந்தது. குமிழ் கடைசி வரை போய், அதற்கு மேல் வழியில்லாமல் நின்றது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஓகே பீஸ்" என்றார். குரலில் அவ்வளவாகத் தெம்பில்லை.

"நல்லாத்தான்பா வெச்சிருக்கே" என்றார் ஓனர். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் அல்ல. "எங்க, இப்ப என்னா சொன்னான்னு சொல்லு பாக்கலாம்."

அந்தப் பெண் ஏதோ மாங்கூழ் ஆலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திம்மப்பன் டிவியைப் பார்த்தார். அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல நிமிர்ந்து நின்று ஒப்பித்தார்: "தேன்கனிக்கோட்டப் பக்கம் யான எறங்கியிருக்குதாங்க. ராவி வயல்... ராகி வயல் நாசம்."

தேறிவிட்டார் என்று நினைத்தேன். மாதேஸ்வரியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓனருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி போட்ட நிலம் இருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை.

"யானையா? எந்த ஊர்ல? எனுக்குக் கேக்கலியே!" ஓனர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "சவுண்டு வைம்மா! எந்த ஊருன்னு சொல்றா?" மாதேஸ்வரி இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்ததுமே எட்டிப் பிடுங்கிக்கொண்டார். அமுக்கினார். சத்தம் ஏறவில்லை. அந்தச் செட்டாப் பாக்ஸுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினதும் கேட்காது, அமுக்கியதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரேயடியாகத் தரும். ஓனருக்கு அது தெரியாது. தண்ணீர் வராத அடிபம்ப்பை அடிப்பதுபோல அடித்துக்கொண்டே இருந்தார். "ஐயோ, வேணாங்க!" என்று யுவஸ்ரீ கத்தினாள். செய்தி முடிந்து விளம்பரம் ஆரம்பித்தது.

அதை எழுத்தில் எழுத முடியாது. மைதானம் தேடிய அந்த இரண்டு பெட்டிகளுக்கும் அன்றுதான் மைதானம் கிடைத்தது. டம்ளர் தானாக நடந்து போய்க் கீழே குதித்தது. சுவரிலிருந்து பல்லி ஒன்று ஓனரின் தோளில் விழ, அவர் ரிமோட்டை வீசிவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டார். ஏதோ கன்னடத்தில் அலறினார். மாதேஸ்வரி பொத்திக்கொண்டார். யுவஸ்ரீ போனைப் போட்டுவிட்டுப் பொத்திக்கொண்டாள். நானும் கட்டிலில் சுருண்டு பொத்திக்கொண்டேன்.

திம்மப்பன் மட்டும் அப்படியே நின்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. டிவியின் பக்கம் லேசாகச் சாய்ந்து கேட்டார். "ஆடித் தள்ளுபடியாம்!" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் எனக்கே அது புரிந்தது.

திரும்பியவர் ஓனரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மகளையும், பிறகு என்னையும் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. இரண்டு கைகளையும் தூக்கி, அவரும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டார்.